மூன்று மூன்றாய் எழுந்த புகை

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். 1946 ஜூலையில் எங்கள் சுவீடனில் இருளே கிடையாது, வடக்கே சூரியன் படுக்கவே போகவில்லை. அப்படியும் நாடு முழுக்கப் பேயைப் பார்த்தது. சுருட்டு மாதிரி ஒன்று வானத்தில் போகிறது, வால் எரிகிறது, சத்தமே இல்லை, போய் ஏதாவது ஓர் ஏரியில் விழுகிறது. போர் முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஜெர்மானியர்கள் விட்டுப்போன ராக்கெட்டுகளை ரஷ்யர்கள் நம் தலைமேல் விட்டுச் சோதிக்கிறார்கள் என்று எல்லோருக்கும் உள்ளூர நடுக்கம். பத்திரிகைகள் அதற்குப் பேய் ராக்கெட் என்று பெயரும் வைத்துவிட்டன.

ஸ்டாக்ஹோமில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில், ராணுவம் இதை விசாரிக்க ஓர் அறை ஒதுக்கியது. அதற்குப் பொறுப்பு கேப்டன் சிக்ஸ்டன் ப்ரூமான். பீரங்கிப் படைக்காரர், நாற்பத்தொரு வயது, கணக்கில் புலி. வந்த முதல் வாரத்திலேயே அவர் ஒரு படிவம் தயாரித்தார். எங்கள் ஆட்களுக்குக் கையில் ஒரு படிவம் கிடைத்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். இருபத்திரண்டு கேள்விகள். எத்தனை மணிக்கு, எந்தத் திசை, என்ன நிறம், இறக்கை இருந்ததா, ஆம் அல்லது இல்லை. கடைசியில் தடித்த எழுத்தில் மூன்று கட்டளைகள்: விழுந்த இடத்துக்கு அருகில் போகாதீர்கள். யாரிடமும் சொல்லாதீர்கள். நாங்கள் வரும்வரை காத்திருங்கள்.

அந்த மூன்று வரியும் ப்ரூமானே எழுதியவை. நல்ல எண்ணத்தில்தான் எழுதினார். தெற்கே ஒரு விவசாயி போர்க்காலக் குண்டு ஒன்றை ராக்கெட் என்று நினைத்துக் காலால் புரட்டிப் பார்த்து, அந்தக் காலையே இழந்திருந்தார்.

தினமும் தொலைபேசி அலறியது. எழுநூறு படிவங்கள் சேர்ந்தன. பிரித்துப் பார்த்தால் எரிகல், காத்தாடி, காட்டு வாத்துக் கூட்டம், ஒரு தடவை வெள்ளி கிரகம். ஒரு திருகாணிகூடக் கையில் கிடைக்கவில்லை. இந்தத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் உருப்படியாக எதையாவது காட்டாவிட்டால் அறையை இழுத்து மூடிவிடுவேன் என்று கர்னல் சொல்லியிருந்தார். சக அதிகாரிகளோ நடைகூடத்தில் ப்ரூமானைப் பார்த்தாலே பேயோட்டி வருகிறார் என்று வழிவிட்டார்கள். அவருக்கு அது சுருக்கென்று குத்தியது.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலை ப்ரூமானிடம் உருப்படியான ஒன்று இருந்தது.

நீல மையில் அவரே வரைந்த வரைபடம் ஒன்றைச் சுவரில் மாட்டிவிட்டுக் கர்னலுக்கு விளக்கினார். போன செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, வடக்கே ஸ்டோர்லோம் என்ற ஏரியின் எதிர்க்கரைக் காட்டில் ஒரு ராக்கெட் விழுந்திருக்கிறது. இறக்கை இல்லை. விழுந்தபோது வெள்ளையாக ஆவி கிளம்பியிருக்கிறது. அதிசயம் இனிமேல்தான். அது விழுந்த பிறகும் எரிந்திருக்கிறது, புதன் முழுக்க, வியாழன் முழுக்க. அதுவும் சும்மா எரியவில்லை. மூன்று தடவை புகை, பிறகு இடைவெளி, மறுபடியும் மூன்று தடவை புகை. இதயம் துடிப்பதுபோல ஒழுங்காகத் துடித்து எரிகிற எரிபொருள். அப்படி ஒன்று நம்மிடம் இல்லை, அமெரிக்கர்களிடமும் இல்லை.

கர்னல் வரைபடத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். ஒவ்வொரு புகைக்கும் ஒன்றாக, நீல முகடுகள் மூன்று மூன்றாய் வரிசை கட்டி நின்றன. ப்ரூமானின் தோளைத் தட்டிக்கொடுத்து, இதைத் தானே மேலிடத்துக்கு எடுத்துப்போவதாகவும், புதன்கிழமைக்குள் நிபுணர்களோடு ஒரு குழு அங்கே போகலாம் என்றும் சொன்னார். எழுநூறு படிவம் நிரப்பியவருக்கு அன்றுதான் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

தகவல் தந்தது எட்லா ஸ்டோல்நாக்கெ என்ற பெண். ஏரிக்கரையில் நாலு மாடும் புல்வெளியும் வைத்திருக்கும் ஒற்றை வீடு. புருஷன் ஆற்றில் மரம் மிதக்கவிடும் வேலைக்குப் போய் மூன்று வாரம். அவள் நாலு கிலோமீட்டர் நடந்து மளிகைக்கடைத் தொலைபேசியிலிருந்து செவ்வாயன்று கூப்பிட்டாள். புதனும் கூப்பிட்டாள். வியாழன், வெள்ளி என்று தவறாமல் நடந்து வந்தாள். இவ்வளவு ஒழுங்கான சாட்சி ப்ரூமானுக்கு அதுவரை வாய்த்ததில்லை. சொன்னதைச் சொன்னபடி கேட்டாள். வடக்கத்தியர்களுக்கு ஆமாம் என்று சொல்லக்கூட வாய் திறக்காது, சட்டென்று மூச்சை உள்ளே இழுப்பார்கள், அதுதான் ஆமாம். ப்ரூமான் ஒவ்வொரு தடவையும் அந்த மூன்று கட்டளைகளைப் படித்துக்காட்டினார். ஒவ்வொரு தடவையும் கம்பியின் அந்த முனையில் அந்த மூச்சு கேட்டது.

வெள்ளிக்கிழமை அவள் சொன்னது ஒன்றே ஒன்று. இன்றைக்குப் புகை இல்லை, நீங்கள் எப்போது வருகிறீர்கள். எரிபொருள் தீர்ந்துவிட்டது என்று ப்ரூமான் படிவத்தில் குறித்துக்கொண்டார். மூன்று மணிக்குக் கப்பல் பிடித்து மனைவி மார்கிட்டும் பிள்ளைகளும் இருந்த தீவு வீட்டுக்குப் போய், இரண்டு நாளும் தோணித்துறையில் உட்கார்ந்து வரைபடத்துக்கு மை பூசினார். ஞாயிறு மதியம் சோம்புக்கீரை போட்டு அவித்த புது உருளைக்கிழங்கும் ஹெர்ரிங் மீனும். நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்.

திங்கள் மதியம், கூட்டம் முடிந்த கையோடு, தலை நிமிர்ந்து உணவுக்கூடத்துக்குப் போனார். திங்கட்கிழமை என்றால் வார இறுதி மிச்சத்தையெல்லாம் பொடியாக நறுக்கி வறுத்த உருளைக்கிழங்கு, மேலே ஒரு முட்டை. எதிரில் ஹில்டிங் ரூத் வந்து உட்கார்ந்தார். பக்கத்து அறைக்காரர், விமானப்படை லெப்டினன்ட். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். ஆனால் இந்த அறையின் காகிதம் அந்த அறைக்குப் போகாது, அந்த அறையின் காகிதம் இங்கே வராது. இரண்டு கதவிலும் ரகசியம் என்று பலகை.

"என்னய்யா பேயோட்டி, இன்னைக்கு மூஞ்சில ஒரே வெளிச்சமா இருக்கு? பேய் மாட்டிருச்சா?"

ப்ரூமான் சிரித்து மழுப்பினார். ரூத் சிரிக்கவில்லை, முட்டையை முள்கரண்டியால் குத்திக்கொண்டே இருந்தார். ஆறு நாளாகத் தூங்காத முகம். சொல்லக்கூடாதுதான், ஆனால் இன்று சாயங்காலத்தோடு எல்லாம் முடிகிறது என்று ஆரம்பித்தார். ஒரு பயிற்சி விமானம் காணவில்லை. ஓட்டியது யார்ல் உட்டர் என்ற சார்ஜன்ட், இருபத்திரண்டு வயது, ஒற்றை ஆள். பொத்னியா வளைகுடாவுக்கு மேலே இருந்தபோது எஞ்சின் சரியில்லை என்று ஒரு சொல் வந்தது, அதோடு சரி. கடலைச் சல்லடையாகச் சலித்தாயிற்று, எண்ணெய்ப் படலம்கூட இல்லை. இனி பையனின் அம்மாவுக்குக் கடிதம் எழுத வேண்டியதுதான்.

ப்ரூமான் உச்சுக்கொட்டினார். மனதார வருத்தப்பட்டுத்தான் கேட்டார், அவன் கரைப்பக்கம் திரும்பியிருக்க முடியாதா என்று.

"திரும்பியிருந்தா எப்பவோ தெரிஞ்சிருக்கும்யா. யாராவது பார்த்திருப்பாங்க, போன் பண்ணியிருப்பாங்க. பையனும் சும்மா உக்காந்திருக்க மாட்டான். நாங்க சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதான். எது செஞ்சாலும் மூணு. மூணு சத்தம், மூணு நெருப்பு. கால் கை முடியலையா, ஒரே நெருப்பைக் கோட்டால மூடி மூடித் திற. மூணு புகை, கொஞ்சம் விடு, திரும்ப மூணு புகை."

ப்ரூமான் கையிலிருந்த முள்கரண்டி அப்படியே நின்றது.

"எந்த நாள்?" என்று கேட்டார்.

"செவ்வாய். காலைல பத்து மணி சுமாருக்கு."

ப்ரூமான் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கூடமே திரும்பிப் பார்த்தது. நடந்தாரா ஓடினாரா என்று அவருக்கே பிறகு ஞாபகம் இல்லை. அறைக்கு வந்து, பூட்டில் சாவி நுழையாமல் மூன்று தடவை தடுமாறி, இழுப்பறையைத் திறந்தார்.

படிவத்தை எடுக்கவில்லை. படிவத்துக்கு முன்னால் பென்சிலில் கிறுக்கும் நோட்டு ஒன்று இருந்தது. ஆட்கள் பேசப் பேச அவர்கள் வாய்ச்சொல்லை அப்படியே அதில் எழுதிக்கொண்டு, பிறகு ராணுவ மொழியில் படிவத்துக்கு மாற்றுவது அவர் பழக்கம். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைப் புரட்டினார்.

இறக்கையா? ஒரு பக்கம் இருந்துச்சு, இன்னொரு பக்கம் இல்ல. இது எட்லா சொன்னது. படிவத்தில் ஒற்றை இறக்கைக்கு இடமில்லை. ஆம் அல்லது இல்லை, இரண்டே கட்டம். அவர் இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டிருந்தார்.

வெள்ளையா பெட்ஷீட் மாதிரி ஒண்ணு மெதுவா கீழ இறங்குச்சு. அதைப் படிவத்தில் வெள்ளை ஆவி என்று எழுதியிருந்தார். பெட்ஷீட் என்பது ராணுவச் சொல் இல்லையே.

வியாழக்கிழமைப் பக்கத்தில், மூணு மூணா புகை வருது ஐயா, யாரோ வேணும்னே ஊதுற மாதிரி. இந்த யாரோ படிவத்துக்கு வரவே இல்லை. துடிப்பு என்ற அழகான சொல் வந்திருந்தது.

புதன்கிழமைப் பக்கத்தை அவர் கடைசியாகத் திருப்பினார். அதில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே தெரியும். அவள் கேட்டது இப்போதும் காதில் ஒலித்தது. படகு இருக்கு ஐயா, முக்கால் மணியில அந்தக் கரைக்குப் போயிருவேன், போய்ப் பார்க்கட்டுமா? வேண்டாம் என்று அவரே தன் வாயால் சொல்லியிருந்தார். விஷப்புகையாக இருக்கலாம், வெடிக்கலாம், உயிருக்கு ஆபத்து, எந்தக் காரணம் கொண்டும் போகக்கூடாது என்று அக்கறையோடு, அதிகாரத்தோடு சொல்லியிருந்தார். பதிலுக்கு மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் வந்தது.

பின்னாலேயே ஓடிவந்த ரூத் வாசலில் நின்று, முதலில் ப்ரூமானைப் பார்த்தார், பிறகு சுவரில் மாட்டியிருந்த நீல வரைபடத்தைப் பார்த்தார். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு விமானப்படைக்காரன் அந்த முகடுகளைப் பார்த்த மாத்திரத்தில் படித்துவிடுவான். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை கேட்டிருக்கிறோம். இங்கே வெண்ணெய் ஒரு சுவருக்கு அந்தப்பக்கம் இருந்தது, அதற்காக ஆறு நாளாகக் கடலைச் சலித்தார்கள்.

மிக அவசரம் என்று சொல்லி ப்ரூமான் அந்த மளிகைக்கடைக்குத் தொடர்பு கேட்டார். கடைக்காரர்தான் எடுத்தார். எட்லா தினமும் வருவாள், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுவாள், என்ன விஷயம் என்று கேட்டால் சொல்லக்கூடாது என்பாள், நானும் கேட்பதை விட்டுவிட்டேன் என்றார். ப்ரூமான் அவரைப் பேசவிடவில்லை. சைக்கிளில் எட்லா வீட்டுக்குப் போங்கள், இரண்டு பேரும் படகில் எதிர்க்கரைக்குப் போங்கள், கம்பளி, சூடான காப்பி, பிராந்தி எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

"அங்க ராக்கெட் கீக்கெட் எதுவும் இல்லீங்க. அங்க ஒரு மனுஷன் இருக்கான்."

கடைக்காரர் "மனுஷனா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

ரூத் வடக்குத் தளத்திலிருந்து ஒரு மிதவை விமானத்துக்கு உத்தரவு போட்டார். அது கிளம்பிப் போய்ச் சேர நாலு மணி நேரம். அதற்குள் எட்லாவின் படகு போய்விடும். இரண்டு பேரும் தொலைபேசிக்கு இருபக்கமும் உட்கார்ந்தார்கள். மணி ஒன்றாயிற்று, இரண்டாயிற்று. ப்ரூமான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். சைக்கிளுக்கு இருபது நிமிடம். துடுப்புக்கு முக்கால் மணி. இருபத்திரண்டு வயது உடம்பு, கோடைக்காலம், பக்கத்திலேயே தண்ணீர், காட்டில் பழம் பழுக்கிற மாதம். ஆறு நாள் தாங்கும். தாங்க வேண்டும். வெள்ளிக்கிழமை புகை நின்றது தீக்குச்சி தீர்ந்ததால் இருக்கலாம், மழை பெய்ததால் இருக்கலாம். பிழைத்திருந்தால் அவன் காலில் விழக்கூடத் தயாராக இருந்தார், அவன் அம்மா காலிலும். கடவுளை அவர் கடைசியாகக் கூப்பிட்டது கல்யாணத்தன்று. இப்போது மறுபடி கூப்பிட்டார். ரூத் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் சிகரெட்டைப் பற்றவைப்பதும் அணைப்பதுமாக இருந்தார்.

ஒரு தடவை கர்னல் கதவைத் திறந்து தலையை நீட்டி, வரைபடத்துக்கு ஒரு நகல் வேண்டும் என்றார். இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாலேகாலுக்கு மணி அடித்தது.

"நான் எட்லா பேசறேன், ஐயா."

"சொல்லுங்கம்மா."

"போனோம். ஒரு பையன் இருந்தான். செத்துக் கிடக்கறான்."

ப்ரூமான் கண்ணை மூடிக்கொண்டார். ரூத் எழுந்து ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றார்.

எட்லா அழவில்லை, அவசரப்படவும் இல்லை. நாலு நாள் கேள்வி கேட்டுக் கேட்டு அவர் பழக்கிய சாட்சி. எதையும் விடாமல் வரிசையாகச் சொன்னாள். விமானம் சதுப்பில் மூக்கைக் குத்தி நிற்கிறது, ஒரு பக்கம் இறக்கை இல்லை. பையனுக்கு இடது கால் தொடையில் முறிந்திருக்கிறது. தண்ணீர் ஓரம்வரை தவழ்ந்து வந்திருக்கிறான், புல் மடங்கிக் கிடக்கிறது. மரத்தடியில் பாராசூட் துணியை விரித்துப் படுத்திருக்கிறான். முன்னால் நெருப்புப் போட்ட இடம். கோட்டு பாதி கருகியிருக்கிறது. தீப்பெட்டி காலி.

"பக்கத்துல பிர்ச் மரத்துல கத்தியால கோடு போட்டிருக்கான், ஐயா. ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு போட்டிருப்பான் போல."

"எத்தனை கோடு?"

"ஆறு."

ப்ரூமான் விரல் விட்டு எண்ணினார். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. கட்டைவிரல்வரை வந்து, அடுத்த கைக்குப் போனார். ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை அவன் கத்தியைப் பிடித்து ஒரு கோடு கிழித்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை இவர் இரண்டாம் தடவை மீன் வாங்கிச் சாப்பிட்டார். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

எட்லா இன்னும் முடிக்கவில்லை.

"அவன் கிடந்த இடத்துல நானும் கொஞ்சம் உக்காந்து பார்த்தேன். அங்கேர்ந்து என் வீடு நல்லாத் தெரியுது, ஐயா. புல்லு காயப்போட்ட வேலி தெரியுது, நான் நடக்கிற பாதை தெரியுது. தினமும் நான் கரையில நின்னு அந்தப் பக்கமே பார்த்துக்கிட்டு இருந்தேனே, அதை அவன் பார்த்திருப்பான். பார்த்துக்கிட்டே நிக்கிறாளே, ஏன் வரமாட்டேங்கறாள்னு நினைச்சிருப்பான்."

கம்பியில் காற்றடிப்பதுபோல் ஓர் இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் காத்திருந்தாள். காத்திருக்கச் சொன்னால் காத்திருப்பவள் அவள். பிறகு, இன்னும் அவரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற நினைப்பில், அதே பணிவான குரலில் கேட்டாள்.

"இனிமேலாவது இதை வெளிய சொல்லலாமா, ஐயா?"

ஜன்னல் பக்கம் நின்ற ரூத் திரும்பினார். கதவுக்கு வெளியே கர்னலின் காலடி கேட்டது. படிவத்தில் இரண்டாவது கட்டளையாக அந்த வரி தடித்த எழுத்தில் இருந்தது. வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்த ஏரி, அந்தப் படகு, அந்தப் புதன்கிழமை எல்லாம் இழுப்பறைக்குள்ளேயே கிடக்கும். அவள் செத்தாலும் வாய் திறக்கமாட்டாள். அது ப்ரூமானுக்கு நன்றாகத் தெரியும்.

"சொல்லுங்கம்மா," என்றார். "எல்லார்கிட்டயும் சொல்லுங்க. நீங்க படகைத் தயாரா வச்சுக்கிட்டுப் போகட்டுமான்னு கேட்டீங்க, ப்ரூமான்னு ஒருத்தன் போகக்கூடாதுன்னு சொன்னான். அதையும் சேர்த்துச் சொல்லுங்க. பேரைச் சொல்லிச் சொல்லுங்க."

அந்த முனையில் அவள் மூச்சை உள்ளே இழுத்தாள்.